சவரிமுத்து அப்ஸ்குவாட்டுலேட் ஆன விவரம்

1. கடிதம்

நான் கிள்ளானில் ஜூனியர் கிராணியாகச் சேர்ந்த ஏழாவது வாரம் அந்தக் கடிதம் வந்தது. கிராணி என்றால் குமாஸ்தா. நான்கைந்து ரப்பர் தோட்டங்களின் காரியங்களைக் கவனிக்கும் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் ஆபீஸ் அது. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீடு. காலை ரயிலில் கிள்ளானுக்குப் போய், மாலை ரயிலில் திரும்புவேன்.

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். தோட்டம் தோட்டமாக ஆட்களை நிறுத்தி, கப்பலில் ஏற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆபீஸில் நான்கு கிராணிகள். மாதக் கடைசிக்குள் அதில் ஒருவரைக் குறைக்க வேண்டும் என்று ஆபீஸ் மேனேஜர் கிரிம்ஸ்டன் துரை ஏற்கெனவே சொல்லியிருந்தார். கடைசியாகச் சேர்ந்தவன் நான். அதனால் தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்து எல்லோருக்கும் பின்னால் போனேன்.

எங்கள் பெரிய கிராணி வைத்திலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர். அந்த ஆபீஸில் அவருக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். வெள்ளைக் கோட்டு, கழுத்துவரை பொத்தான், கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். கிள்ளானில் அவரைவிட நன்றாக இங்கிலீஷ் எழுதக்கூடிய ஆசியாக்காரர் கிடையாது என்பது ஊரில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். அவரும் ஒப்புக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை காப்பார் தோட்டத்திலிருந்து தபால் வந்தது. அந்தத் தோட்டத்துக்கு மேனேஜர், டென்னிங் என்ற இளவயதுத் துரை. பெரிய பெரிய சொற்களைத் தேடிப் பிடித்து எழுதுவதில் அவருக்கு ஒரு சந்தோஷம். கடிதம் இரண்டே வரி. அதன் தமிழ் இது:

“இஞ்சின் டிரைவர் சவரிமுத்து செவ்வாய்க்கிழமை அப்ஸ்குவாட்டுலேட் ஆகிவிட்டான் என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறேன். ஸ்டோர் நின்றுவிட்டது, உடனே ஆவன செய்யவும்.”

ஸ்டோர் என்றால் தோட்டத்தில் ரப்பர் பாலை உறைய வைத்து, ரோலரில் கொடுத்து ஷீட்டாக இழுக்கும் இடம். அந்த ரோலர்களைச் சுழற்றும் இஞ்சினை ஓட்டுகிறவர் சவரிமுத்து.

கடிதத்தைப் பிரித்துப் படித்தது நான்தான். அந்தச் சொல்லில் வந்து முட்டிக்கொண்டு நின்றேன். மூன்று தடவை படித்தும் வழி தெரியாததால், பெரிய கிராணியின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

2. ஆராய்ச்சி

வைத்திலிங்கம் படித்தார். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார்.

“உமக்கு இது விளங்குதோ?” என்றார்.

“இல்லை சார்.”

“பள்ளிக்கூடத்திலை என்னதான் படிப்பிக்கிறாங்களோ தெரியேல்லை. அந்த டிக்‌ஷனரியை எடும்.”

எடுத்துக் கொடுத்தேன். அட்டை கரையான் தின்றது, ஆனால் உள்ளே பக்கங்கள் முழுசாக இருந்தன. அவர் விரல் மேலிருந்து கீழே வந்தது. சொல்லாமல் ஓடிப்போவதற்கு ஒரு சொல் இருந்தது. விலகி இருப்பதற்கு ஒன்று, உறிஞ்சுவதற்கு ஒன்று இருந்தன. டென்னிங் துரையின் சொல் இல்லை.

“இது சின்ன டிக்‌ஷனரி” என்று மூடி வைத்தார் வைத்திலிங்கம். “பெரிய சொல் எல்லாம் இதுக்குள்ளை வராது.”

கிரிம்ஸ்டன் துரை ஈப்போவுக்குப் போயிருந்தார், திங்கட்கிழமைதான் வருவார். டென்னிங் துரைக்குக் கடிதம் எழுதி அர்த்தம் கேட்கலாமே என்று நான் சொன்னேன். வைத்திலிங்கம் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆபீஸே குளிர்ந்துபோயிற்று.

“தம்பி, நான் இந்தக் கதிரையிலை இருக்கிறது துரைமாருக்கு இங்கிலீஷ் எழுதிக் குடுக்க. அவையளிட்டை இங்கிலீஷ் கேட்க இல்லை.”

பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்தார். அந்தச் சொல்லை மூன்று துண்டாக வெட்டினார்.

“பாரும். முன்னுக்கு இருக்கிறது அப். அப்நார்மல் எண்டால் என்ன?”

“வழக்கத்துக்கு மாறானது.”

“ஓம். நடுவிலை ஸ்குவாட். அது குந்துறது, சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடைசியிலை வாறது வெறும் வால். அப்ப என்ன அர்த்தம்?”

நான் யோசித்தேன். “வழக்கத்துக்கு மாறாகக் குந்திட்டான்?”

“குந்தினவன் எழும்ப ஏலாமல் போனான்” என்று முடித்தார் அவர். “முழங்கால் பிடிச்சுப் போச்சுது. இஞ்சின் டிரைவர் என்ன செய்யிறவன்? நாள் முழுக்க இஞ்சினுக்குப் பக்கத்திலை குந்தியிருந்து எண்ணெய் விடுறவன். ஒரு நாள் குந்தினவன் குந்தினபடி இருந்திட்டான். அதுதான் ஸ்டோர் நிண்டு போச்சுது. அதுதான் துரை வருத்தம் எண்டு எழுதியிருக்கிறார். ஓடிப்போனவனுக்கு ஆர் வருத்தப்படுவினம்?”

இதில் ஒரு ஓட்டையும் எனக்குத் தெரியவில்லை. மனதுக்குள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. ஆட்குறைப்புக் காலமாதலால், தோட்டங்களில் யார் வந்தார், யார் போனார், ஏன் என்று வாரா வாரம் லண்டனுக்கு எழுத வேண்டும். வியாழக்கிழமைதான் மெயில் நாள். பன்னிரண்டு மணிக்குப் பை கட்டிவிடுவார்கள். வைத்திலிங்கம் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். ‘காப்பார் தோட்டத்து இஞ்சின் டிரைவர், குந்திய நிலையிலிருந்து எழ முடியாத நோயினால் பாதிக்கப்பட்டு, பதினான்கு நாள் சுகவீன லீவில் வைக்கப்பட்டிருக்கிறார்.’ அடியில் வழக்கப்படி டைப் அடித்தவனின் இனிஷியல். அதாவது என்னுடையது. கார்பன் காப்பி ஒன்று பைலுக்கு, ஒன்று தோட்டத்துக்கு. கிள்ளானில் எங்கள் ஆட்கள் போகும் ஆஸ்பத்திரிக்கும் ஒரு சீட்டு எழுதினார். ‘கட்டில் ஒன்று தயாராக வைக்கவும், நோயாளியைப் படுக்க வைக்க முடியுமா என்பது நிச்சயமில்லை.’

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பை போய்விட்டது.

3. நாற்காலி

நோயாளியைக் கொண்டுவர என்னை அனுப்பினார்கள். கம்பெனி லோரியில் ஒரு கை வைத்த நாற்காலி, இரண்டு கயிறு, ஒரு கம்பளி, ஒரு போத்தல் கோடாலித் தைலம். குந்தின நிலையில் இருப்பவனை நாற்காலியில் தூக்கி வைத்து, கால் அடிபடாமல் கம்பளி சுற்றி, கயிற்றால் கட்டிக்கொண்டு வரவேண்டும். இது வைத்திலிங்கத்தின் திட்டம். எப்படிக் கட்டவேண்டும் என்று ஒரு படம்கூட வரைந்து கொடுத்தார்.

லோரி டிரைவர் நாற்காலியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். “யாருக்குலா கல்யாணம்?” என்றான்.

“நோயாளிக்கு அண்ணே.”

“என்ன நோய்?”

சொன்னேன். திரும்பி நாற்காலியை இன்னொரு தடவை பார்த்தான். பிறகு, “எங்க மாமனாருக்கு அந்த மாதிரி வந்தா நல்லா இருக்கும். ஒரு எடத்துல இருக்க மாட்டேங்குறாரு” என்றான்.

காப்பார் ரோடு அந்த நாளில் ரோடு இல்லை. நாற்காலி இரண்டு தடவை லோரியிலிருந்து குதித்தது. தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. டென்னிங் துரை மோட்டார் சைக்கிளில் தூரத்து டிவிஷனுக்குப் போயிருந்தார். தோட்டத்துக் கிராணி மட்டும் இருந்தார். நானும் டிரைவரும் நாற்காலியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்து எழுந்து நின்றார்.

“சவரிமுத்து எங்க இருக்காரு?” என்றேன்.

“அவன் எங்க இருக்கான்? செவ்வாக்கெழம மத்தியானமே போயிட்டானே.”

“எப்படிப் போனாரு?”

“நடந்துதான்.”

நான் கையிலிருந்த படத்தைப் பார்த்தேன். “நல்லா நடந்தாரா?”

“வேகமா நடந்தான். தொரைகிட்ட மூணு நாள் லீவு கேட்டான், தொர இல்லேன்னுட்டாரு. மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு ஸ்டோருக்குப் போனான். பால எல்லாம் முடிச்சுக் குடுத்துட்டு, இஞ்சின நிறுத்திட்டு, கையக் கழுவிட்டுப் போயிட்டான். அந்த இஞ்சினு அவன் தொட்டாத்தான் கெளம்பும். ரெண்டு நாளா ஆறு பேரு சுத்துறாங்க, தும்முது, அவ்வளவுதான்.”

நாற்காலியை மறுபடி லோரியில் ஏற்றினோம். திரும்பும்போது நான் அதில் உட்கார்ந்து வந்தேன். யோசிக்க வசதியாக இருந்தது.

ஐந்து மணிக்கு ஆபீஸில் வைத்திலிங்கத்திடம் விவரம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

“குந்தினவன் எப்படிக் காணும் நடந்து போவான்?”

“வேகமா நடந்தாராம் சார்.”

“ஆரும் தூக்கிக்கொண்டு போயிருப்பினம். அந்தக் கிராணி சரியாப் பார்த்திருக்க மாட்டான்” என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஆனால் வாசலில் நின்று, “நீர் அதை ஒருத்தரிட்டையும் கதைக்காதையும்” என்றார். அவர் குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் தளர்ந்திருந்தது.

4. அர்த்தம்

ரயிலில் வரும்போது என் நிலைமையைக் கணக்குப் பார்த்தேன். கடிதம் கடலில் போய்க்கொண்டிருக்கிறது. அதன் அடியில் என் இனிஷியல் இருக்கிறது. ஆள் குறைக்கக் காரணம் தேடிக்கொண்டிருக்கும் ஆபீஸில் இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

நான் படித்த மிஷன் பள்ளியில் பூகோளம் நடத்தியவர் ஒரு அமெரிக்கர். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தார். நேரே அவர் வீட்டுக்குப் போனேன். தோட்டத்தில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவரிடம் ஒரு துண்டுக் காகிதத்தில் அந்தச் சொல்லை எழுதி நீட்டினேன்.

அவர் படித்தார். பூவாளியைக் கீழே வைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். நான் பள்ளியில் இருந்த எட்டு வருடத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

“இதை எங்கள் தாத்தா சொல்லுவார். இங்கே யார் சொன்னது?” என்றார்.

அவர் இங்கிலீஷில் சொன்ன விளக்கத்தை எனக்குத் தெரிந்த தமிழில் தருகிறேன். நூறு வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் பத்திரிகைக்காரர்களுக்கும் கூத்துக்காரர்களுக்கும் ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. லத்தீன் மாதிரி தொனிக்கும் நீள நீளமான சொற்களை வேடிக்கைக்காகக் கட்டி விடுவார்கள். எந்த ரோமாபுரிக்காரனும் கேட்டிராத லத்தீன். அதில் ஒன்று இது. முன்னால் உள்ள ‘அப்’ லத்தீனில் ‘விட்டு விலகி’ என்று பொருள்படும். நடுவில் உள்ளது குந்துவதுதான், அதில் சந்தேகமில்லை. கடைசி வால், படித்தவன் பேச்சுப் போலத் தெரிவதற்காக ஒட்டியது. ஆக, இருந்த இடத்தைவிட்டு எழுந்து போய் வேறொரு இடத்தில் குந்துதல். சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டுதல்.

“அப்படியென்றால் நோய் இல்லையா சார்?” என்று கேட்டேன்.

“நோயா?”

முழுவதையும் சொன்னேன். நாற்காலி வந்த இடத்தில் அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை வைத்திலிங்கத்திடம் தனியாகச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் சிவப்புப் பென்சிலை எடுத்து, அந்தச் சொல்லை மறுபடியும் மூன்று துண்டாக வெட்டினார்.

“முதல் துண்டு ஒண்டுதான் பிழைச்சது” என்றார் கடைசியில். “நடுத்துண்டு சரி. வாலும் சரி.”

“ஆமாம் சார்.”

“மூண்டிலை ரெண்டு சரி.” கொஞ்சம் பொறுத்து, “கடிதத்தைத் திருப்பி எடுக்க ஏலுமோ?” என்றார். ஏலாது என்று அவருக்கே தெரியும். அன்று முழுவதும் அவர் யாரையும் திட்டவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

5. சவரிமுத்து

சனிக்கிழமை காலை நான் ஆபீஸுக்கு வந்தபோது வராந்தாவின் கோடியில் ஒருவர் குந்திக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். சட்டை முழுக்கப் புழுதி, கழுத்தில் ஒரு கறுப்புக் கயிற்றில் சிலுவை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எந்தச் சிரமமும் இல்லாமல் எழுந்தார், அதைக் கவனித்தேன்.

“காப்பார் தோட்டம், இஞ்சின் டிரைவர் சவரிமுத்துங்க. பெரிய கெராணி ஐயாவப் பாக்கணும்.”

உள்ளே அழைத்துப் போனேன். வைத்திலிங்கம் அவர் முழங்கால்களைத்தான் முதலில் பார்த்தார்.

“எங்கை போனீர்?” என்றார்.

சவரிமுத்து சொன்னார். அவருக்கு ஒரே அக்கா. தாய் இறந்தபோது அவருக்கு மூன்று வயது, அக்காதான் வளர்த்தது. அந்த அக்காளும் அவள் புருஷனும் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த தோட்டத்தில் ஆட்களை நிறுத்திவிட்டார்கள். இரண்டு பேரையும் கப்பலேற்ற போர்ட்டுக்குக் கொண்டுபோயிருப்பதாகத் திங்கட்கிழமை சேதி வந்தது. டென்னிங் துரையிடம் லீவு கேட்டார், கிடைக்கவில்லை.

“போனா இனிமே பாக்க முடியாதுங்க. அக்காவுக்கு வயசாச்சு. நானும் ஊருக்குப் போகப்போறதில்ல. அதான் போயிட்டேன். போனா, கப்பலு வரல்ல. இன்னிக்கு வரும் நாளைக்கு வரும்னாங்க. உள்ளார எங்களை விடல்ல. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் நானு. நேத்து சாயங்காலந்தான் கப்பலு போச்சு.”

“நாலு நாளும் அங்கையோ இருந்தீர்?”

“ஆமாங்க.”

“தோட்டத்துக்கு ஒரு சொல் அனுப்பியிருக்கலாமே.”

“தோணல்லங்க. தப்புதான். வேலைய மட்டும் எடுத்துடாதீங்க ஐயா. என்னையும் கப்பல்ல ஏத்திடுவாங்க, இங்க பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு.”

வைத்திலிங்கம் சிவப்புப் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு சொன்னார்:

“கவனமாக் கேளும். நீர் ஓடிப்போகேல்லை. உமக்குச் சுகமில்லை.”

“நான் நல்லாத்தாங்க இருக்கேன்.”

“இல்லை. சுகமில்லை எண்டு லண்டனுக்கு எழுதியாச்சு.”

சவரிமுத்து என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

“பொய் சொல்ல மாட்டேங்க” என்றார் சவரிமுத்து மெதுவாக. “நாளைக்கு ஞாயித்துக்கெழம. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணணும். தொர லீவு இல்லேன்னும் போனதையே சொல்லணும், இதையும் சேத்தா எப்படிங்க?”

வைத்திலிங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. “ஆர் பொய் சொல்லச் சொன்னது? கேட்கிறதுக்கு மட்டும் மறுமொழி சொல்லும். அந்த வேலியடியிலை நாலு நாளும் என்ன செய்தீர்?”

“ஒண்ணும் செய்யல்லங்க.”

“நிண்டீரோ?”

“இல்லங்க. குந்திக்கிட்டுத்தான் இருந்தேன். அக்காவும் அந்தப் பக்கம் குந்திக்கிட்டு இருந்துச்சு.”

வைத்திலிங்கம் நாற்காலியில் நிமிர்ந்தார். “எழும்பிப் போயிருக்கலாமே? ஏன் போகேல்லை?”

சவரிமுத்து கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டார். “எந்திரிக்க முடியல்லங்க ஐயா” என்றார். “நேத்து கப்பலு போனப்புறமும் முடியல்ல.”

“அதைத்தான் எழுதினனான்” என்றார் வைத்திலிங்கம். “குந்தினவர் எழும்ப ஏலாமல் போனார். ஒரு சொல் பிழையில்லை. போய்ச் சாப்பிடும். துரை வாறவரைக்கும் தோட்டத்துப் பக்கம் போகாதையும்.”

சவரிமுத்து போன பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி.

6. துரைகள்

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கிரிம்ஸ்டன் துரை ஈப்போவிலிருந்து வந்தார். பத்தரைக்கு டென்னிங் துரையின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பதினொன்றுக்கு எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். மேசையில் பைல் திறந்திருந்தது. தோட்டத்துக்கு அனுப்பிய காப்பி டென்னிங் துரையின் கையில் இருந்தது.

“இவன் ஓடிப்போனான் என்று நான் எழுதினேன்” என்றார் டென்னிங் துரை. “உங்கள் ஆபீஸ் ஒரு நாற்காலி அனுப்பியது.”

கிரிம்ஸ்டன் துரை கடிதத்தை எடுத்தார். ஓடிப்போனான் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். டென்னிங் துரை விரல் வைத்துக் காட்டினார். கிரிம்ஸ்டன் துரை அந்தச் சொல்லைப் பார்த்தார். கடிதத்தைக் கொஞ்சம் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் வியாழக்கிழமை காலை வேறொரு முகத்தில் பார்த்திருந்தேன்.

“வைத்திலிங்கம்” என்றார், “இந்தச் சொல் உனக்குத் தெரியுமா?”

அந்த இரண்டு விநாடியை நான் மறக்க முடியாது. தெரியும் என்று சொன்னால், தெரிந்தும் பொய்யாக எழுதினதாகும். தெரியாது என்று அவர் இருபத்திரண்டு வருடமாகச் சொன்னதில்லை. கோட்டின் மேல் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“கடிதம் வந்தபோது தெரியாது, சேர்” என்றார்.

கிரிம்ஸ்டன் துரையின் முகம் மலர்ந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. டென்னிங் துரை பக்கம் திரும்பினார். “கேட்டாயா? வைத்திலிங்கத்துக்கே தெரியாத சொல்லைக் கம்பெனிக் கடிதத்தில் எழுதுகிறாய். எங்கிருந்து பிடித்தாய் இதை?”

“அது நல்ல சொல்தான் சார்...”

“அது அமெரிக்கச் சொல், சார்” என்றேன் நான். என் வாய் எப்படித் திறந்தது என்று இன்றுவரை தெரியாது. வாத்தியார் சொன்ன மூலக்கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். கூத்துக்காரர்கள் வேடிக்கைக்குக் கட்டினது என்ற இடத்தில் கிரிம்ஸ்டன் துரை மேசையைத் தட்டினார்.

“அமெரிக்கா” என்றார். குற்றவாளி அகப்பட்டுவிட்டான். அதற்குப் பிறகு எங்கள் இருவர்மீதும் யாருக்கும் கோபம் இல்லை.

ஆனால் சவரிமுத்துவின் காரியம் முடியவில்லை. அவர் அக்காவை வழியனுப்பப் போய், சனிக்கிழமையே திரும்பி வந்துவிட்டதை வைத்திலிங்கம் சொன்னார். ஓடிப்போனவன் ஓடிப்போனவன்தான், லண்டனுக்குத் திருத்தம் எழுதி ஆளை நீக்கவேண்டும் என்றார் கிரிம்ஸ்டன் துரை. நான் தரையைப் பார்த்தேன்.

வைத்திலிங்கம் மிகவும் பணிவாக, “எழுதலாம், சேர். அந்தச் சொல்லையும், அது எப்படி நோயாயிற்று என்பதையும் டைரக்டர்களுக்கு விளக்க வேண்டியிருக்கும்” என்றார்.

கிரிம்ஸ்டன் துரை பைலிலிருந்த லண்டன் கடிதத்தின் காப்பியை எடுத்து ஒரு தடவை படித்தார்.

“டென்னிங், இஞ்சின் எப்படி இருக்கிறது?” என்று கேட்டார் கிரிம்ஸ்டன் துரை.

டென்னிங் துரை காதை நெருடினார். “ஓடவில்லை. ஆறு நாள் பால் வீணாகிவிட்டது. அவன் இல்லாமல் அது கிளம்பாது போலிருக்கிறது.” பிறகு, “லீவு கொடுத்திருக்கலாம். எதற்கென்று நான் கேட்கவில்லை” என்றார். அதை அவர் சொல்லியிருக்க வேண்டிய அவசியமில்லை. அன்றிலிருந்து அவர்மேல் எனக்கு ஒரு மரியாதை.

கிரிம்ஸ்டன் துரை பேனாவை எடுத்துப் பைலில் ‘நோயாளி குணமடைந்து வேலைக்குத் திரும்பினார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சவரிமுத்து அன்று மதியமே காப்பாருக்குப் போனார். முதல் சுற்றிலேயே இஞ்சின் கிளம்பிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன்.

7. லண்டன்

மூன்று மாதம் கழித்து லண்டனிலிருந்து பதில் வந்தது. நாங்கள் மறந்தே போயிருந்தோம். காப்பார் தோட்டத்து இஞ்சின் டிரைவரின் நோயைப் பற்றி டைரக்டர்கள் அக்கறையுடன் படித்தார்களாம். கம்பெனியின் டாக்டரிடம் காட்டினார்களாம். இந்த நோய் மற்ற ஆட்களுக்கும் பரவியிருக்கிறதா, நோயாளி தினமும் எத்தனை மணி நேரம் குந்துகிறார், இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரித்திருந்தார்கள்.

வைத்திலிங்கம் பதிலை என்னையே எழுதச் சொன்னார். நான் எழுதிக் கொண்டுபோனதில் ஒரு சொல்லைச் சுழித்து, “இது என்ன அர்த்தம்?” என்று கேட்டார். சொன்னேன். “நல்லது. எனக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துக்கு அனுப்பினார். பக்கத்து மேசைக் கிராணியின் கையிலிருந்து பேனா கீழே விழுந்தது.

மாதக் கடைசியில் குறைப்பதாக இருந்த ஆளைப் பிறகு குறைக்கவில்லை. கிரிம்ஸ்டன் துரை அதைப்பற்றிப் பேசவே இல்லை. டென்னிங் துரையிடமிருந்து கடிதம் வந்தால் மட்டும், முதலில் என்னைப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் தான் படிப்பார்.

இப்போது ஆபீஸ்களில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். தெரியாத சொல் வந்தால், டைப் அடிப்பதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். எங்கள் ஆபீஸில் பெரிய கிராணிக்குத் தெரியவில்லை, அவருக்கு மேலே இருந்த துரைக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஒருவர் வாயைத் திறந்து டென்னிங் துரையிடம் கேட்டிருந்தால் ஒரு நாற்காலி காப்பார்வரை போய் வந்திருக்காது. அதே சமயம், யாராவது கேட்டிருந்தால் சவரிமுத்துவுக்கு வேலை போயிருக்கும். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து என்ன பாடம் சொல்வது என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. கேட்பது நல்லது என்றே வைத்துக்கொள்கிறேன்.

லண்டன் கடிதம் வந்த வாரம், சவரிமுத்து இஞ்சினுக்கு ஏதோ சாமான் வாங்கக் கிள்ளானுக்கு வந்தவர் ஆபீஸுக்கு வந்தார். அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதித் தரவேண்டும் என்றார். மதிய இடைவேளையில் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பேச்சோடு பேச்சாக லண்டன் விசாரித்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“எம் பேரப் போட்டா கேட்டிருக்காங்க?”

“உங்க பேரு இல்ல, இஞ்சின் டிரைவர்னு. உங்களைத்தான்.”

யோசித்தார். “அப்ப அதையும் எழுதுங்க.”

எழுதினேன். அன்புள்ள அக்காவுக்கு, நான் இங்கே சுகம். வேலையில்தான் இருக்கிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். என் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று லண்டனிலிருந்து கம்பெனிக்காரர்கள் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஆகையால் என்னைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

முழுவதையும் படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

“அந்த லண்டன் எடத்த மட்டும் இன்னொரு தடவ படிங்க” என்றார்.

படித்தேன்.